கோழி எங்கே அடைகிறது? உட்காரும் கம்பும் எச்சப் பலகையும்

மஃரிப் பாங்குக்குச் சற்று முன்பு கொல்லைப்புறத்தில் நின்று உங்கள் கோழிகளைக் கவனித்துப் பாருங்கள். பகலெல்லாம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாகக் கழுத்தை நீட்டி மேலே பார்க்கும். முருங்கைக் கிளை, மதில் சுவர், துவைக்கிற கல், நிறுத்தி வைத்த பைக்கின் சீட் என்று எது உயரமோ அதில் ஏறப் பார்க்கும். விரட்டினாலும் திரும்பி வரும். அதை அடம் என்று சொல்ல முடியாது. வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. இரவில் தரையில் நடமாடும் பிராணிகளுக்குப் பயந்து மரத்தில் தங்கும் பறவை அது. எத்தனையோ தலைமுறை மனிதனோடு வாழ்ந்த பிறகும் வீட்டுக் கோழியை விட்டு அந்தப் பழக்கம் போகவில்லை.

கூடு கட்டும்போது நாம் இதை மறந்துவிடுகிறோம். நான்கு பக்கமும் கம்பி வலை, மேலே தகரம், ஒரு கதவு, அதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உள்ளே உட்காரக் கம்பு இல்லாததால் கோழிகள் தரையில் மூலையில் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, தங்கள் எச்சத்தின் மேலேயே இரவைக் கழிக்கின்றன. அல்லது முட்டையிடும் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொள்கின்றன. மறுநாள் முட்டை அழுக்காக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போயிருந்தோம். கணவர் இல்லை, முட்டை விற்ற காசில்தான் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவு. ஒட்டு வீடுகள் உள்ள தெரு. கூட்டுக்கு நேர் பின்னால் அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னல். நாற்றம் தாங்கவில்லை என்று அவர்கள் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டார்களாம். சொன்னதில் தவறு இல்லை; நாங்கள் போனபோது எங்களாலும் அங்கே நிற்க முடியவில்லை. "எல்லாத்தையும் வித்துடலாம்னு இருக்கேன்" என்றார் அந்தச் சகோதரி. கோழிகளை விற்க வேண்டி வரவில்லை. கூட்டுக்குள் இரண்டு சவுக்குக் கம்பும் ஒரு பலகையும் வைத்ததில் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. ஒரு வாரம் கழித்துப் போனபோது ஈரமண் வாசனைதான் இருந்தது. அங்கே என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று மற்ற வீடுகளிலும் கேட்டதால் எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நன்றாகத் தின்று முட்டையிடும் ஒரு கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் எச்சம் போடும். சிறுவிடை போன்ற நாட்டுக்கோழி என்றால் சற்றுக் குறைவு. இதில் கிட்டத்தட்ட பாதி இரவில், கோழி நகராமல் உட்கார்ந்திருக்கும் ஒரே இடத்தில் விழுகிறது. பத்துக் கோழி என்றால் ஒரு இரவுக்கு அரைக் கிலோ, மாதத்துக்குப் பதினைந்து கிலோ. அது தரை முழுவதும் மிதிபட்டால் கூட்டையே கழுவ வேண்டும். கம்புக்கு நேர் கீழே ஒரு பலகையில் விழுந்தால் ஐந்து நிமிட வேலை. கம்பையும் பலகையையும் ஒன்றாகத் திட்டமிட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

கம்பு

ஒன்றரை முதல் இரண்டு அங்குலக் கனம் உள்ள சவுக்குக் கம்பு நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும். கோழியின் பாதம் அதில் நன்றாகப் பதியும். பழைய கட்டில் சட்டம் இருந்தால் அதுவும் நல்லதே. விளிம்புகளை மட்டும் இழைத்து மழுக்கிவிடுங்கள். பிவிசி குழாய் வழுக்கும். இரும்புக் குழாய் வெயிலில் சுடும். மூங்கில் பரவாயில்லை, ஆனால் வழவழப்பானது. கணுவில் வெடித்தால் விளிம்பு கத்தி போல் இருக்கும். விரல் கனக் குச்சியில் உட்கார வைத்தால் உடம்பின் பாரம் முழுவதும் மார்பெலும்பில் ஒரே இடத்தில் அழுந்தும். வளரும் கோழிக்கு அந்த எலும்பு கோணிப்போகவும் கூடும்.

சவுக்கின் பட்டையைக் கட்டாயம் உரித்துவிடுங்கள். பகலில் பட்டைக்கு அடியிலும் வெடிப்புகளிலும் ஒளிந்திருந்து, இரவில் வெளியே வந்து கோழியின் ரத்தம் குடிக்கும் ஒரு சிறு உண்ணி உண்டு. பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொண்டை வெளுத்து, முட்டை குறைந்து, காரணம் புரியாமல் தவிப்போம். இரவில் டார்ச் விளக்கோடு போய்க் கம்பின் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கறை பட்டால் உண்ணி இருக்கிறது. இதனால்தான் கம்பை ஆணி அடித்து நிலையாகப் பொருத்தக் கூடாது. இரு முனையிலும் கட்டைகளில் பள்ளம் வெட்டி அதில் கிடத்தி வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து வெயிலில் காயப் போட்டுத் தேய்த்துக் கழுவலாம். சுண்ணாம்பு அடித்தும் வைக்கலாம்.

நீளத்துக்கு டேப் தேவையில்லை. ஒரு கோழிக்கு ஒரு சாண், அதாவது ஏறக்குறைய ஒன்பது அங்குலம். வனராஜா, அசில் போன்ற பெரிய உடம்புக் கோழிகளுக்கு ஒரு அடி கொடுங்கள். இரண்டு கம்பு போடுவதானால் நடுவில் ஒன்றேகால் அடி இடைவெளி விடுங்கள். பின் கம்புக்கும் சுவருக்கும் ஒரு அடி. இல்லாவிட்டால் வால் சுவரில் உரசும், சுவரெல்லாம் எச்சம்.

இரண்டு கம்பும் ஒரே உயரத்தில் இருப்பது நல்லது. படிக்கட்டு போல ஏற்றி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எல்லாக் கோழிக்கும் மேல் படிதான் வேண்டும். தினமும் சாயங்காலம் கொத்தும் சண்டையுமாக இருக்கும். கீழ்ப் படியில் ஒதுக்கப்பட்டவை மேலே இருப்பவற்றின் எச்சத்தை முதுகில் வாங்கிக்கொள்ளும்.

முட்டையிடும் பெட்டியைவிடக் கம்பு கண்டிப்பாக உயரமாக இருக்க வேண்டும். இந்த ஒன்றைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் வீண். கோழி பெட்டியில்தான் போய்ப் படுக்கும். மூன்றடி உயரம் நாட்டுக்கோழிக்கு ஒரு பொருட்டே அல்ல. கனமான கோழி அங்கிருந்து காலையில் குதித்தால் பாதத்தின் அடியில் அடிபட்டு, வீங்கி, கறுத்த பொருக்கு விழும். அவற்றுக்குக் குறுக்குச் சட்டம் அடித்த ஒரு சாய்வுப் பலகை வையுங்கள், ஏறி இறங்கிக்கொள்ளும்.

பலகை

கம்புக்கு எட்டு அங்குலம் கீழே பலகை. அதற்கும் குறைவாக இருந்தால் சுரண்டக் கை நுழையாது. கோழி எந்தப் பக்கம் முகம் திருப்பி உட்காரும் என்று சொல்ல முடியாது. ஆகவே கம்பின் இரு புறமும் ஒரு அடியாவது பலகை நீண்டிருக்க வேண்டும்.

பத்துக் கோழிக்கு ஒரு கூட்டை மனத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே நான்கடி அகலம், ஆறடி நீளம், ஆறடி உயரம். பகலில் வெளியே மேய விடுகிறவர்களுக்கு இந்த இடம் போதும். நான்கடிக் கம்பு இரண்டு போட்டால் ஒவ்வொன்றிலும் ஐந்து கோழி தாராளமாக உட்காரும். பின் சுவரிலிருந்து ஒரு அடியில் முதல் கம்பு, அதிலிருந்து ஒன்றேகால் அடியில் இரண்டாவது, அதற்கு முன்னால் ஒரு அடி. ஆக மூன்றேகால் அடிக்கு நான்கடி பலகை. ஒரு பிளைவுட் ஷீட்டில் பாதி வாங்கினால் வெட்டியது போக மீதியில் முட்டைப் பெட்டிக்கும் கொஞ்சம் கிடைக்கும். பலகை தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கட்டும். கூட்டுக்குள் குனிந்து தவழாமல், நின்றபடி சுரண்டலாம். முதுகுவலி உள்ள பெரியவர்கள்தான் பல வீடுகளில் கோழியைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். பலகைக்கு அடியில் இருக்கும் இடமும் வீணாகாது. தீனித் தட்டும் தண்ணீரும் அங்கே வைத்தால் எச்சம் விழாது. மீதியுள்ள இரண்டேமுக்கால் அடியில் முட்டைப் பெட்டி இரண்டு, தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள்.

வெறும் பிளைவுட் ஈரத்தில் ஊறி உப்பிவிடும். பழைய பிளக்ஸ் பேனர் ஒன்றை அதன் மேல் இழுத்து அடித்தால் வழவழப்பாகவும் இருக்கும், நீரும் இறங்காது. அதன் மேல் மெல்லியதாக மரத்தூளோ தேங்காய் நார்த்தூளோ பரப்புங்கள். கட்டட வேலையில் மிஞ்சிய மணல் இருந்தால் அதைவிட நல்லது. காலையில் ஒரு சல்லடையில் அரித்தால் மணல் கீழே போகும், எச்சம் மேலே நிற்கும். பலர் அடுப்புச் சாம்பல் அல்லது சுண்ணாம்புத் தூள் தூவுகிறார்கள். ஈரம் வாங்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டும் காரத் தன்மை உள்ளவை. புது எச்சத்தோடு கலந்தால் அமோனியா வாடை கூடத்தான் செய்யும். சாம்பலைக் கோழி மண் குளிக்கும் குழியில் போடுங்கள், அங்கே அது பேனுக்கு நல்லது.

அந்த அமோனியாதான் அடுத்த வீட்டுச் சமையலறைக்குப் போன நாற்றம். எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அமோனியா வாயுவாக்கிவிடும். ஈரமாவதற்கு முன்பே அள்ளிவிட்டால் வாயு உண்டாக வழியில்லை. கூட்டுக்குள் தலையை நீட்டியதும் நம் கண் எரிந்தால், இரவெல்லாம் அதற்குள் மூச்சு விட்ட கோழியின் நிலையை நினைத்துப் பாருங்கள். சளியும் மூச்சிரைப்பும் அங்கிருந்துதான் தொடங்கும். கூரைக்குக் கீழே, கோழியின் தலைக்கு மேலே, காற்று வெளியேற வலையைத் திறந்தே விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் சாக்குத் திரை போதும்.

தினமும் அள்ளுவதில் இன்னொரு பலனும் உண்டு. ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் முட்டை எச்சத்தோடு வெளியே வரும். வந்த உடனேயே அது நோய் தராது. சூடும் ஈரமும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிரும்; அதன் பிறகு கொத்தித் தின்னும் கோழிக்குத்தான் நோய். சுப்ஹு தொழுதுவிட்டு வந்து கூட்டைத் திறக்கும்போதே கொத்தனார் கரண்டியால் பலகையைச் சுரண்டி ஒரு வாளியில் போட்டுவிட்டால், அந்த முட்டை முதிர்வதற்குள் கூட்டை விட்டுப் போய்விடும். ஈயும் அப்படித்தான்; புழு வளர அதற்கு நாட்கள் வேண்டும், நாம் கொடுப்பதில்லை.

கோழி எச்சம் ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் நஜீஸ் என்பது நமக்குத் தெரியும். திண்ணையிலும் துவைக்கிற கல்லிலும் உலர்த்தும் துணியிலும் அது படுவது தொழுகிற வீட்டில் தினமும் ஒரு தொல்லை. கோழிக்குப் பிடித்த உயரமான இடத்தைக் கூட்டுக்குள்ளேயே கொடுத்துவிட்டால் அது திண்ணையைத் தேடி வராது. சுரண்டும்போது மூக்கில் ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சிறு குழந்தைகளை அந்த வேலைக்கு அனுப்ப வேண்டாம்.

பலகை சொல்லும் சேதி

தரையில் மிதிபட்ட எச்சத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பலகையில் விழுந்ததை ஒவ்வொரு குவியலாகப் பார்க்கலாம். கோழிகள் பெரும்பாலும் தினமும் அதே இடத்தில்தான் உட்காரும் என்பதால் எந்தக் கோழியுடையது என்றுகூடத் தெரிந்துவிடும். பழுப்பு நிறத்தில் கெட்டியாக, நுனியில் வெள்ளை படிந்திருந்தால் நலம். இடையிடையே களிம்பு போல, அதிக நாற்றத்தோடு கரும்பழுப்பாக ஒன்று இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குடல்வாலிலிருந்து வருவது அது, இயல்பானதே. ரத்தம் கலந்திருந்தால் ரத்தக் கழிச்சல் என்று சந்தேகிக்க வேண்டும். பச்சையும் வெள்ளையுமாக நீர்க்கப் போய், கோழியும் தீனி எடுக்காமல் தூங்கி வழிந்தால் அது வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். அந்தக் கோழியை அன்றே தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். ஒரு நாள் தாமதம் கூட்டையே காலி செய்துவிடும். வெள்ளைக் கழிச்சல் வந்த பிறகு மருந்து இல்லை. தடுப்பூசியை முன்பே போட்டிருக்க வேண்டும்.

வாளியில் சேர்ந்ததை அப்படியே செடிக்குப் போடாதீர்கள், வேர் கருகிவிடும். ஒரு பங்கு எச்சத்துக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு கலந்து, மழை படாமல் மூடி, வாரம் ஒருமுறை கிளறி வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனையோடு எருவாகிவிடும். அதன் பிறகு வாழைக்கும் தென்னைக்கும் தாராளமாகப் போடலாம்.

கம்பு வைத்த முதல் நாள் கோழிகள் ஏறாமல் பழைய மூலையிலேயே போய்ப் படுத்தால் கவலை வேண்டாம். இருட்டிய பிறகு அவற்றுக்குக் கண் சரியாகத் தெரியாது, பிடித்தாலும் அலறாது. மஃரிபு தொழுதுவிட்டு வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் கம்பில் உட்கார வையுங்கள். முட்டைப் பெட்டியில் படுத்துப் பழகியவை இருந்தால், சில நாட்களுக்குச் சாயங்காலம் மட்டும் பெட்டியின் வாயை ஒரு அட்டையால் அடைத்துவிட்டு, காலையில் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தாமாகவே ஏறிக்கொள்ளும். குஞ்சுகளோடு இருக்கும் தாய்க்கோழியை மட்டும் தூக்க வேண்டாம். குஞ்சுகள் பறக்கும் வரை அது தரையில்தான் இருக்கும். அதற்கு மூலையில் உமி பரப்பிய ஒரு பெட்டி போதும்.