செலவைக் கணக்கிட்டுக் கட்டுவோம்

கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை ஆண்டவர் ஓர் உவமையில் எடுத்துரைத்தார் (லூக்கா 14). சீடராய் வாழ்வதன் விலையைப் பற்றியது அவ்வுவமை. ஆயினும், வீடு கட்ட முனையும் குடும்பம் அதை எழுத்தளவிலும் கடைப்பிடித்தல் நலம். அயலார் கண்ணுக்கு அழகாய்த் தோன்றுவதற்கென வாங்கிய கடன், எத்தனையோ இல்லங்களின் அமைதியைக் குலைத்திருக்கின்றது. கட்டி முடித்த பின்னரும் செலவு ஓய்வதில்லை. கான்கிரீட் கூரை பகலில் உண்ட வெயிலை இரவில் உமிழ்கின்றது. மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் தொடர்ந்து காசு கேட்கின்றன.

வேறு வழி உண்டு எனக் கட்டியே காட்டியவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்த இவர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவக் குழுவைச் சார்ந்தவர். தொழுநோயாளர் பணிக்காக 1945-இல் இந்தியா வந்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. இமயமலைச் சாரலில் பித்தோராகர் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்து, கல்லும் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய எளிய மக்களிடம் பாடம் பயின்றார். பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறினார். அங்கே ஏழைகளுக்கு வீடு கட்ட அவரை அழைத்தவர் மலங்கரைப் பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோஸ் ஆவார். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற பேக்கர், 2007-இல் மறைந்தார்.

அவருடைய முறைகள் எளியவை. செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' என்ற முறையால் ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல் மிச்சமாகின்றது. இடையில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. கூரைத் தளத்தின் அடிப்பாகத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தால், கான்கிரீட் குறையும். சுவரில் செங்கல் இடைவெளிகள் விட்டால், ஒளியும் காற்றும் தாமே வரும். திருவனந்தபுரம் சிறீகாரியத்தில் இயேசு சபையாருக்காக அவர் அமைத்த லொயோலா சிற்றாலயத்தில் இவ்வழகைக் காணலாம். நல்ல செங்கல்லுக்குப் பூச்சு தேவையில்லை என்றும் அவர் கருதினார்.

இங்கேதான் நம் மனம் தயங்குகின்றது. பூசாத சுவர் வறுமையின் அடையாளம் என எண்ணுகின்றோம். சம்பந்தம் பேச வருவோர் என்ன நினைப்பார்களோ என அஞ்சுகின்றோம். அந்த அச்சத்தின் விலையை நம் பிள்ளைகள் வட்டியாகச் செலுத்துகின்றனர். பூமியும் செலுத்துகின்றது. சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுடுகின்றனர். எரிபொருளிலிருந்தும் அக்கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளிப்பட்டு வானில் சேர்கின்றது. நமது பொது இல்லமாகிய பூமியைப் பேணுமாறு திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடல் வழியாக வேண்டியதும் இது போன்றவற்றை எண்ணியே.

சிமெண்டே கூடாது என்பதன்று. தேவைக்கு மேல் வேண்டா என்பதே. இம்முறைகளுக்குப் பயிற்சி பெற்ற கொத்தனார் தேவை. மண் சுவருக்கு உயர்ந்த அடித்தளமும், மழைச்சாரல் படாதவாறு நீண்ட தாழ்வாரமும் இன்றியமையாதவை. அன்பர்களே, மனை வாங்கியவுடன் அண்டை வீட்டின் உயரத்தை அளக்காதீர்கள். காற்று எத்திசையில் வருகின்றது, அருகில் எப்பொருள் கிடைக்கின்றது, கடனின்றி எவ்வளவு இயலும் எனக் குடும்பமாக அமர்ந்து கணக்கிடுங்கள். பங்கில் மன்றமோ சிற்றாலயமோ எழுப்பும்போதும் அவ்வாறே செய்வோம். கடனின் சுமையின்றி மாலைச் செபம் எழும் இல்லமே இறைவன் விரும்பித் தங்கும் இல்லம்.