கமத்து வளவும் ஈமக் கல்லும்

கொட்டியாரப் பற்றின் தென்கோடியில், வெருகலாற்றுக்கு அண்மையிலே, நாம் இளமையிற் பலகால் தங்கிய கமத்து வீடொன்று இருந்தது. மண்சுவர், கிடுகுக் கூரை, அகன்ற திண்ணை, முற்றத்தில் நெற்பட்டறை. பின்வளவில் துலாக் கிணறும், தென்னையும் வாழையும் முருங்கையும் செறிந்த தோட்டமும். கிணற்றடியில் ஆடை தோய்ப்பதற்கு ஒரு பலகைக் கல் கிடந்தது. தோட்டங் கொத்துகையில் அகப்பட்டது என்பர் வீட்டார். அதற்குமேல் நாம் வினவினோமல்லோம்.

ஆற்றைக் கடந்து தெற்கே சென்றாற் கதிரவெளி. கற்பலகைகளைப் பெட்டிபோல் நிறுத்திச் சமைத்த பெருங்கற்கால ஈமக்குழிகளால் ஆராய்ச்சியாளர் அறிந்த ஊர் அது. கமத்து வளவுக்கு அயலிலே ஈமக்காடு அமைந்தது தற்செயலன்று. கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் ஆயிரவாண்டில் இரும்பைக் கையாண்டு நெல் விளைத்த மக்கள், நீர் பாயும் பள்ளத்தை வயலுக்கு விட்டு, நீரேறாத மேட்டிலே இறந்தாரை அடக்கினர். பிற்காலக் கமக்காரனும் வெள்ளத்துக்கு அஞ்சி அத்தகைய மேட்டையே வீட்டுக்குத் தேர்ந்தான். ஆகவே அவன் மண்வெட்டி பழையோர் புதைகுழியிற் படுவது இயல்பே.

மணிமேகலையிலே சக்கரவாளக் கோட்டத்தைக் கூறுமிடத்து, சுடுதல், வாளா இடுதல், குழியிற் புதைத்தல், தாழ்ந்த இடத்து அடைத்தல், தாழியாற் கவித்தல் என ஐவகை அடக்கம் பேசப்படுகின்றது. மாணவர் இதனை வினாவுக்கு விடையாக மனனஞ் செய்வதோடு அமைவர். ஆனால் பொன்பரிப்பில் 1924இல் ஹோகாட் அகழ்ந்தபோது வெளிப்பட்டவை தாழிகளே. ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கண்டது உடலை நீட்டிக் கிடத்திய குழி. நூலிற் கண்டது நிலத்திலும் உண்டு.

இவ்விடங்களில் உள்ளே கறுத்தும் வெளியே சிவந்தும் உள்ள ஓடுகள் அகப்படும். கலத்தைக் கவிழ்த்துச் சுட்டமையால் காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும் கறுத்தன. காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவந்தது. சட்டியோடு என்று எறியத்தக்க இத்துண்டே காலத்தைக் காட்டுஞ் சான்று. ஆனால் எவ்வாழத்தில், எதனருகே கிடந்ததென்பது தெரிந்தாலன்றி அதனாற் பயன் சிறிதே.

2006இல் அப்பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். மீண்டோர் பற்றை படர்ந்த வளவுகளைத் துப்புரவாக்கலாயினர். மண்வெட்டி ஒரு நாளிற் புரட்டுவதை இயந்திரம் ஒரு நொடியிற் புரட்டுகிறது; ஓட்டுநர்க்கு ஓடுந் தெரியாது, கல்லுந் தெரியாது. வீடின்றித் தவிப்போரை நிலந் திருத்தாதே என யாம் சொல்லவில்லை. நிறுத்திய கற்களோ தாழியின் வாயோ தென்படின் அங்கே வேலையை நிறுத்தி, கிடந்தபடியே விட்டு, தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அறிவிக்கவே பணிக்கிறது. அவ்வூர்களிலிருந்து இன்றும் நம் கல்லூரிக்குப் பிள்ளைகள் வருகின்றனர். அவர்கள் வீட்டிற் சொன்னாற் பெற்றோர் கேட்பர்.

அண்மையில் அவ்வளவுக்குச் சென்றிருந்தோம். வீடில்லை, கிணறு தூர்ந்துவிட்டது. பலகைக் கல் மட்டும் புல்லிடையே கிடக்கின்றது. அது எந்த மூலையிலிருந்து பெயர்க்கப்பட்டதெனக் காட்ட வல்லார் ஒருவரும் இப்போது அங்கில்லை.