வரவிலிருந்து தொடங்குவோம்



டிசம்பர் 31 இரவு நம் பங்கு ஆலயங்கள் நிரம்பி வழியும். பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளில் பலர் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊர் வந்து, இன்னும் திரும்பாமல் இருப்பார்கள். நள்ளிரவில் ஆலய மணி ஒலிக்கும். கைகுலுக்கி வாழ்த்துவோம். கைப்பேசியில் வாழ்த்துச் செய்திகள் குவியும். ஆனால் முடிந்துபோன ஆண்டை ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கிறோமா?

சனவரி முதல் நாளைத் திருஅவை 'மரியா இறைவனின் தாய்' பெருவிழாவாகக் கொண்டாடுகிறது. மரியாவை இறைவனின் தாய் என்று அழைப்பது சரியே என எபேசு பொதுச்சங்கம் 431ஆம் ஆண்டில் அறிக்கையிட்டது. இந்த நாளின் நற்செய்தியில் இடையர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், மகிழ்ச்சியோடு திரும்பிப் போகிறார்கள். மரியாவோ நடந்தவற்றையெல்லாம் உள்ளத்தில் இருத்திச் சிந்திக்கிறார் (லூக் 2:19). ஆண்டின் முதல் நாளில் நமக்குத் தரப்படும் முன்மாதிரி இதுவே.

எப்படிச் சிந்திப்பது? புனித இஞ்ஞாசியார் எழுதிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தார். அதில் ஆன்ம ஆய்வுக்கு ஐந்து படிகள் உள்ளன. பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவது, பாவங்களை அறிய அருள் வேண்டுவது, நடந்தவற்றை ஆய்ந்து பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்த உறுதி எடுப்பது. நன்றிதான் முதல் படி என்பதைக் கவனியுங்கள். நாமோ பெரும்பாலும் குறைகளிலிருந்தே தொடங்குகிறோம். மழை ஏமாற்றியது, மாங்காய்க்கு விலை இல்லை, கடன் அடையவில்லை என்கிறோம். இவை உண்மைதான். ஆனால் மருத்துவமனையில் இரவெல்லாம் நம்மோடு விழித்திருந்தவர் யார்? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்குக் கைமாற்று தந்தவர் யார்? கடைக்காரர்கூட வரவை எழுதிய பிறகுதான் செலவை எழுதுகிறார். நாமும் வரவிலிருந்து தொடங்குவோம்.

அப்போதுதான் செலவுப் பக்கத்தைப் பயமின்றிப் பார்க்க முடியும். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பி, வாரக்கணக்கில் நாம் போன் செய்யாத அம்மா, நமக்குக் கோபம் வந்தபோதெல்லாம் அடி வாங்கிய பிள்ளை. இன்னும் ஒரு கேள்வி: ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும் நாம், ஆலய வாசலைத் தாண்டியதும் சாதியைத் தேடிப் போகிறோமா? சகோதரருக்கு நம்மேல் மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்தச் சொல்கிறார் ஆண்டவர் (மத் 5:23-24). நள்ளிரவுத் திருப்பலிக்குமுன் ஒரே ஒருவரைத் தேடிப் போனால் போதும். 1968 முதல் சனவரி முதல் நாள் உலக அமைதி நாளாகவும் சிறப்பிக்கப்படுகிறது. உலகின் அமைதி நம் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கட்டும்.

ஆண்டு முழுவதும் இப்பழக்கம் தொடர, சில துணைகளைப் பரிந்துரைக்கிறோம். முதலாவது, வீட்டில் இருக்கும் திருவிவிலியம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு எளிய தமிழில் உள்ளது. நாளுக்கு ஒரு பகுதி வாசிக்கலாம். இரண்டாவது, வத்திக்கான் வானொலியின் தமிழ்ப் பணி. வத்திக்கான் செய்திகள் இணையதளத்தின் தமிழ்ப் பக்கத்தில் திருத்தந்தையின் உரைகளை வாசிக்கலாம். மூன்றாவது, வேரித்தாஸ் வானொலி. சிற்றலையில் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அந்த ஒலிபரப்பு 2018இல் நின்றாலும் தமிழ்ப் பணி இணையம் வழியாகத் தொடர்கிறது. பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டிக்குத் தங்கள் கைப்பேசியில் அதைத் தேடித் தரலாம். இருவரும் அருகருகே உட்கார அதுவும் ஒரு வாய்ப்பு.

டிசம்பர் 31 அன்று 'தெ தேயும்' எனும் நன்றிப் பாடலைப் பொதுவில் பாடுவோருக்கு, வழக்கமான நிபந்தனைகளுடன், திருஅவை பரிபூரணப் பலன் அளிக்கிறது. ஆண்டை நன்றியோடு முடிப்பதைத் திருஅவை அவ்வளவு பெரிதாகக் கருதுகிறது.

சனவரி நமக்கு இன்னொரு வகையிலும் நன்றியின் மாதம். 1997 சனவரி 24 அன்று புனித இரண்டாம் யோவான் பவுல், சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரித்து நமது தருமபுரி மறைமாவட்டத்தை உருவாக்கினார். இந்த வரவையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வோம்.

இறைவனின் தாயாம் மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக! அனைவருக்கும் புத்தாண்டு நல்வாழ்த்துக்கள்!