பாடு தெரியும் முன்

புதுச்சேரியின் வீராம்பட்டினத்துக் கரையில் கட்டுமரங்கள் ஓடிய காலத்தில், கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதை விடியலுக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். காற்று வாடையா கச்சானா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, முந்தின நாள் யாருக்குப் பாடு, அதாவது நல்ல மீன்வரத்து, விழுந்தது. கையிலிருந்த அடையாளங்கள் இவ்வளவுதான். நிச்சயமான கூலி என்று எதுவும் கிடையாது. செலவு போக மிஞ்சியதில் மரத்துக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. வலை மேலே வரும்வரை அந்தப் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

தெரியாத அந்த நேரத்தில் மனத்துக்குள் நடப்பதை ஆய்வாளர்கள் வெகுமதி எதிர்பார்ப்பு என்கிறார்கள். அந்த வெகுமதிக்காக எவ்வளவு உழைக்கத் தயார் என்பது ஊக்கம். ஊர் காத்திருக்கும் விதம், அறிவியல் அதை அளக்கும் விதம் இரண்டுமே சென்ற கால் நூற்றாண்டில் மாறிவிட்டன.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துத் தொடங்கிய கிராமத் தகவல் மையத் திட்டத்தில் வீராம்பட்டினமும் சேர்ந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்தார்கள். 2004 சுனாமியின்போது பக்கத்து நல்லவாட்டில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை இதே போன்ற ஒலிபெருக்கிதான் ஊர் முழுக்கக் கொண்டுசேர்த்து உயிர்களைக் காத்தது. அதன் பின் இந்தக் கரை நெடுகிலும் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. இன்று ஹைதராபாத்தின் இன்காய்ஸ் கடல் தகவல் மையம் தரும் அலை, காற்று நிலவரமும், மீன் கூடும் பகுதி பற்றிய கணிப்பும் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. அடையாளம் கடலிலிருந்து திரைக்கு இடம் மாறிவிட்டது.

அடையாளம் இடம் மாறினால் மூளையும் அதன் பின்னால் போகும் என்பதை நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டார். முதலில் பழச்சாறு நாக்கில் விழும்போது மூளையின் டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. சாறு வரப்போவதை ஒரு விளக்கு முன்கூட்டிச் சொல்லும் என்று குரங்கு பழகியதும், துடிப்பு விளக்குக்கு மாறியது. வரவேண்டிய நேரத்தில் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. 2003இல் அவர் குழு இன்னொன்றையும் காட்டியது. சாறு கிடைக்கும் வாய்ப்பு சரிபாதியாக இருக்கும்போதுதான், காத்திருக்கும் நேரத்தில் அந்த நரம்பணுக்களின் இயக்கம் மிகுதியாக ஏறிக்கொண்டே போனது. குரங்கை வைத்து மனிதரைச் சொல்லிவிட முடியாது. ஆனாலும், வருமா வராதா என்பது பாதிக்குப் பாதியாக உள்ள தொழில் ஏன் ஆளை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று யோசிக்க இது ஒரு தொடக்கம்.

மனிதரிடம் இதை எப்படி அளப்பது? அன்று அளந்ததெல்லாம் விளைவைத்தான். உளவியலாளர் ஸ்கின்னர் காலத்து எலி எத்தனை முறை நெம்புகோலை அழுத்தியது என்று எண்ணினார்கள். இப்படி விளைவை மட்டும் அளந்து, நம் பக்கத்திலேயே மனிதரிடம் நடந்த சோதனை ஒன்று உண்டு. மதுரையிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் டான் ஏரியலி, யூரி க்னீசி, ஜார்ஜ் லோவன்ஸ்டீன், நினா மாசார் ஆகியோர் நடத்தி 2009இல் வெளியிட்டது. நினைவாற்றல், கைத்திறன், குறிபார்த்தல் என்று ஆறு விளையாட்டுகள். ஒரு விளையாட்டுக்கு அதிகபட்சப் பரிசு சிலருக்கு 4 ரூபாய், சிலருக்கு 40, சிலருக்கு 400. அந்த 400 ரூபாய், கிராமத்தில் ஒருவரின் ஒரு மாதச் செலவுக்கு அருகில் வரும் தொகை. 4 ரூபாய்க்காரர்களும் 40 ரூபாய்க்காரர்களும் ஏறக்குறைய ஒன்றாகவே ஆடினார்கள். 400 ரூபாய்க்காரர்கள்தான் மோசமாக ஆடினார்கள். பரிசு பெரிதானால் கை நடுங்கவும் கூடும் என்று மதுரை காட்டியது. அந்த நடுக்கம் எந்த நொடியில் தொடங்கியது என்பதைச் சொல்ல அந்த முறையில் வழியில்லை.

அந்த நொடியைத் தனியே பிரித்தெடுத்தது கணினி. பிரையன் நட்சன் குழு 2001இல் வெளியிட்ட சோதனையில் திரையில் கால் விநாடி ஒரு வடிவம் தோன்றும். வட்டம் என்றால் பணம் வெல்லலாம், சதுரம் என்றால் இழப்பைத் தவிர்க்கலாம், முக்கோணம் என்றால் பணமே கிடையாது. அடுத்து இரண்டு விநாடிக்கு மேல் வெறும் காத்திருப்பு. பிறகு கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஓர் இலக்கு தோன்றும். அது மறைவதற்குள் பொத்தானை அழுத்த வேண்டும். கடைசியில் முடிவு வரும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஆறு விநாடி. ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி இதை ஆடியவர்களின் மூளையில், பெரிய தொகைக்காகக் காத்திருந்த அந்த இரண்டு விநாடியில் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற சிறு பகுதி கூடுதலாக இயங்கியது.

இந்தச் சோதனையை வீராம்பட்டினத்துக்கு ஏற்ப அமைப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் எழும் ஆசை, வட்டத்துக்குப் பதில் வஞ்சிரம் படத்தைப் போடலாமே என்பது. அது தப்பு. வஞ்சிரத்தைப் பார்த்ததும் ஒருவருக்கு ஏல விலை நினைவுக்கு வரும், இன்னொருவருக்கு அறுந்துபோன வலை நினைவுக்கு வரும். அர்த்தமில்லாத வடிவமே நல்லது. அதன் பொருளை நிதானமாகச் சொல்லிக்கொடுத்து, புரிந்ததா என்று சோதித்த பின்பே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.

அடுத்தது கை. காய்ப்பேறிய விரலைத் தொடுதிரை எப்போதும் ஒரே மாதிரி உணராது. கம்பியில் இணைத்த பொத்தான் நல்லது. சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால், கால் விநாடி இலக்கு என்பது சரியாக 15 சட்டகங்கள். அதைவிட நுணுக்கமாக நேரம் குறித்தால் திரை அதை மதிக்காது. மெதுவாக அழுத்துபவருக்கு இலக்கு சற்று நீளவும், வேகமாக அழுத்துபவருக்குச் சுருங்கவும் நிரல் எழுதினால், எல்லோரும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை வெல்வார்கள். அப்போது அறுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே அளவு நம்பிக்கையோடு காத்திருப்பார்கள். ஒருவருடைய வேகத்தை ஊராரோடு ஒப்பிடக் கூடாது. முக்கோணத்துக்கு அவர் அழுத்திய வேகத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த வித்தியாசமே எதிர்பார்ப்பின் அளவு.

ஊக்கத்தை அளக்க வேறொரு சோதனை, மைக்கேல் ட்ரெட்வே குழு 2009இல் வெளியிட்டது. எளிய வேலையா கடின வேலையா என்று ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கலாம். எளிய வேலைக்கு ஆள்காட்டி விரலால் 7 விநாடியில் 30 அழுத்தல். கடின வேலைக்குப் பழக்கமில்லாத கையின் சுண்டுவிரலால் 21 விநாடியில் 100 அழுத்தல், பணம் கூடுதல். பணம் கிடைக்கும் வாய்ப்பு 12, 50, 88 சதவீதம் என்று மாறும். வலை இழுத்துப் பழகிய கைக்கு 100 அழுத்தல் கடினமா என்பதே சந்தேகம். அதனால் ஒவ்வொருவரின் உச்ச வேகத்தையும் முதலில் அளந்து, அதில் ஒரு பங்கைக் கடின வேலையாக வைக்க வேண்டும். 12 சதவீதம் என்பதை எட்டுத் தடவைக்கு ஒரு தடவை பாடு என்று சொன்னால் சட்டென்று புரியும். தொகையில் மதுரைப் பாடம் உதவும்: ஒரு மாதச் செலவை நெருங்கும் பரிசு ஊக்கத்தை அளக்காது, பதற்றத்தை அளக்கும். ஆட்டக்காரர் தன் சொந்தப் பணத்தை இழக்கும்படியும் எதையும் அமைக்கக் கூடாது.

இவ்வளவு செய்தாலும் நாள் தப்பாக அமைந்தால் எல்லாம் வீண். கிழக்குக் கடற்கரையில் எந்திரப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. முன்பு அது 45 நாள். தடைக்காலத்தில் அந்தப் படகுகளில் போகிறவர் கையில் காசு குறைவு. தடை முடிந்த முதல் வாரத்தில் மனநிலையே வேறு. மைசூரில் தரவுப் பதிவு வேலை செய்தவர்களை ஆராய்ந்து சுப்ரீத் கவுர், மைக்கேல் கிரெமர், செந்தில் முல்லைநாதன் 2015இல் எழுதிய கட்டுரை, சம்பள நாள் நெருங்க நெருங்க ஒரே ஆளின் உழைப்பு கூடுவதைக் காட்டியது. ஆள் மாறவில்லை, தேதிதான் மாறியது.

அன்று கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்திருந்தவருக்குச் சோம்பேறி என்று பெயர் வைப்பது சுலபமாக இருந்தது. இன்று அதே பெயரை மில்லி விநாடிக் கணக்கில், மூளைப் படத்தோடு வைத்துவிட முடியும். அதைத் தடுக்க வேண்டுமானால் வீராம்பட்டினத்தில் இந்தச் சோதனையை ஒரே ஆளிடம் இரண்டு முறை நடத்த வேண்டும்: மே மாதத்தில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை. இரண்டு எண்களும் ஒன்றானால் அது அந்த ஆளைப் பற்றியது. வேறுபட்டால், ஊக்கம் குறைந்தவர் என்று அவரைச் சொல்வதற்கு முன், அந்த மாதம் அவருக்கு எதிர்பார்க்க என்ன இருந்தது என்று கேட்டாக வேண்டும்.