நூல் நிறைவும் வைப்புமுறையும்: திருவருட்பாப் பதிப்பு உணர்த்துவன

நூலை எழுதி முடித்தல் வேறு. நூலை நிறைவுசெய்தல் வேறு. இறுதித் தொடரை எழுதிய அளவிலே நூல் முற்றுப்பெற்றதெனக் கருதுவோர் பலர். பகுதிகளின் வைப்புமுறை, அவை எழுதப்பெற்ற காலம், நூலின் முகப்பு ஆகியவற்றை ஆசிரியரே உறுதிசெய்த பின்னரே கையெழுத்துப்படி நூலாகும் என்பது எம் கருத்து. இதனை விளக்கத் திருவருட்பாவின் பதிப்பு வரலாறு பெரிதும் துணைபுரியும்.

அத்திப்பட்டிலிருந்து வடக்கே மீஞ்சூரைக் கடந்து செல்லும் இருப்புப்பாதை பொன்னேரியை அடைகின்றது. அதனை அடுத்த சின்னக்காவணம் இராமலிங்க அடிகளின் அன்னையார் பிறந்த ஊராகும். 1823இல் மருதூரில் தோன்றிய அடிகள், தந்தையார் மறைந்தபின் இப்பகுதியில் சிறிதுகாலம் வளர்ந்து, பின்னர்ச் சென்னையை அடைந்தார். சென்னையில் வாழ்ந்த இளமைக் காலத்திலேயே தணிகை முருகன்மீது பதிகங்கள் பாடினார்.

பாடுதலில் இருந்த நாட்டம் அடிகளுக்கு அச்சிடுதலில் இல்லை. பாடல்கள் அன்பர் பலரிடத்தே சிதறிக் கிடந்தன. இறுக்கம் இரத்தின முதலியார் பல்லாண்டு வேண்டிய பின்னரே பதிப்புக்கு இசைவு கிடைத்தது. தொழுவூர் வேலாயுத முதலியார் அவற்றை ஆறு திருமுறைகளாக வகுத்தார். முதல் நான்கும் 1867இல் வெளிவந்தன. ஐந்தாவது 1880இலும், ஆறாவது 1885இலும் வெளிவந்தன. அடிகளோ 1874இலேயே மேட்டுக்குப்பத்தில் மறைந்தருளினார்.

வேலாயுத முதலியார் கொண்ட வகுப்பு காலம்பற்றியதன்று. ஆதலின், இளமையிற் பாடிய தணிகைப் பதிகங்கள் ஐந்தாம் திருமுறையில் இடம்பெற்றன. முறையெண்ணையே காலவரிசையெனக் கொள்ளும் மாணாக்கர், முருக வழிபாட்டினின்று சோதி வழிபாட்டை நோக்கிச் சென்ற அடிகளின் உள்ள வளர்ச்சியைப் பிறழ உணர்வர். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை 12 பகுதிகளாகப் பதிப்பித்தார். ஊரன் அடிகள் காலமுறை தழுவி வெளியிட்ட பதிப்பு 1972இல் தோன்றியது. முதற்பதிப்புக்கும் இதற்கும் இடையே 105 ஆண்டுகள் கழிந்தன.

இது முதற்பதிப்பாசிரியரின் குறையன்று. தாம் வகுத்த முறையினைத் 'திருவருட்பா வரலாறு' என்னும் செய்யுளால் அவர் வெளிப்படையாகவே உரைத்தார். பதிப்பாசிரியர் தம் நெறியை மறையாது கூறல் வேண்டும் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டாகும். முகப்பும் சிறிய செய்தியன்று. தம் பெயர் 'இராமலிங்கசாமி' என வழங்கப்பெறுவதை அடிகள் விரும்பவில்லை. முதற்பதிப்போ அவரைத் 'திருவருட்பிரகாச வள்ளலார்' எனக் குறித்தது.

இவற்றால் ஆய்வாளர் கொள்ளத்தக்கன சில உள. ஒவ்வொரு படியிலும் எழுதிய நாளைக் குறித்தல் வேண்டும். திருத்திய படியைக் கண்டவுடன் பழையதைக் கிழித்தெறிதல் கூடாது. கருத்து மாறிய இடத்தை அதுவே காட்டும். இயல்களைத் தனித்தனியே திருத்திய பின்னர், நூல் முழுவதையும் ஒருங்கே வைத்துப் படித்தல் வேண்டும். நன்னூல் கூறும் குற்றங்களுள் கூறியது கூறலும் மாறுகொளக் கூறலும் ஓரியலுள் அரிதாகவே புலப்படும். இயலோடு இயலை ஒப்பிடுங்கால் அவை எளிதிற் புலனாகும். வைப்புமுறைக்குரிய காரணத்தை முன்னுரையில் உரைத்தல் கடன். இறுதியாக, இனிச் சேர்ப்பதில்லை என ஒரு நாளை வரையறுத்துப் படியை அச்சுக்கு அளித்தல் வேண்டும்.

அடிகளின் பாடல்களுக்கு அன்பரும் புலவரும் வழிவழியாக வாய்த்தனர். எல்லா நூலுக்கும் அத்தகையோர் வாய்ப்பதில்லை. ஆதலின், தம் நூலின் முறையைத் தாமே நிறுவிச் செல்லுதல் ஆசிரியர்க்கு இன்றியமையாதது.