பரணில் கிடக்கும் காற்றுத் துப்பாக்கி என்ன விலை போகும்?

வெடிமருந்து இல்லை. புகை இல்லை. நெருப்பும் இல்லை. அடைபட்ட காற்று ஒன்றே ரவையைத் தள்ளுகிறது. அதுதான் காற்றுத் துப்பாக்கி.

இங்கிலாந்தில் சில வீடுகளின் பரணில், தாத்தா காலத்துக் காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடக்கும். பெரியவர் காலமான பிறகு பிள்ளைகள் அதை எடுத்துப் பார்ப்பார்கள். தூசும் துருவும் ஏறி இருக்கும்.

"சுத்தமாக இருந்தால் நல்ல விலைக்குப் போகும்" என்று எண்ணி, உப்புத்தாளால் தேய்ப்பார்கள். துப்பாக்கி பளபளவென்று ஆகிவிடும். அங்கேதான் விலையும் போய்விடுகிறது!

காரணம் என்ன? இரும்பின் மேல் இருந்த நீலக் கருமை வெறும் அழுக்கு அல்ல. தொழிற்சாலையில் இரும்பிலேயே ஏற்றிய நிறம் அது. பழம்பொருள் சேகரிப்பவர்கள் அதற்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். கொஞ்சம் துரு இருந்தாலும் பொறுத்துக் கொள்வார்கள். அசல் நிறம் போனால் முகம் சுளிப்பார்கள். எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்தாலே போதும்.

பர்மிங்காம் துப்பாக்கி

இவற்றில் பல, பர்மிங்காம் நகரில் செய்யப்பட்டவை. லிங்கன் ஜெப்ரீஸ் என்பவர் 1904-ம் ஆண்டில் ஒரு காற்றுத் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே பி.எஸ்.ஏ. கம்பெனி அதைச் செய்யத் தொடங்கியது. 1914-ம் ஆண்டுப் போருக்கு முந்திய துப்பாக்கி, பாகங்கள் மாறாமல் இருந்தால், சேகரிப்பவர்கள் விரும்பி வாங்குவார்கள்.

அதே கம்பெனி 1959-ல் வெளியிட்ட "மீட்டியார்" அப்படி அல்ல. அது ஏராளமாக விற்ற துப்பாக்கி. எங்கும் கிடைக்கும் பொருளுக்கு யார் அதிகம் கொடுப்பார்கள்? வயது மட்டும் விலையைக் கூட்டாது.

எந்த ரவை?

ரவையின் உருவம் வேடிக்கையானது. தலை கனத்து, இடை சிறுத்து, கீழே பாவாடை விரிந்ததுபோல் இருக்கும். பாவாடைக்குள் வெற்றிடம். காற்று அதில் மோதியதும் பாவாடை விரிந்து, குழலின் சுவரோடு ஒட்டிக் கொள்ளும். காற்று கசியாது. குழலில் உள்ள வரிகள் ரவையைச் சுழல வைக்கும்.

பெரும்பாலும் இரண்டு அளவுகள்தான். ஒன்று 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லி மீட்டர். மற்றது 0.22 அங்குலம்; 5.5 மில்லி மீட்டர். பழைய பிரிட்டிஷ் டப்பாக்களில் இவை முதல் நம்பர், இரண்டாம் நம்பர்.

சிறியது சுமார் அரை கிராம். பெரியது சுமார் ஒரு கிராம். ஒரே விசையில் சிறியது விநாடிக்கு 800 அடி பாய்ந்தால், பெரியது 600 அடிதான் பாயும். ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டியில் சிறியதற்கே இடம். 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்த 4.5 மில்லி மீட்டர் ரவையால்தான். கடலூரில் பிறந்த வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே ரவையைத்தான்.

அளவு மாறினால் ஆபத்து. பெரிய ரவை சிறிய குழலில் நுழையாது. சிறிய ரவையோ பெரிய குழலில் தொளதொளவென்று இருக்கும். காற்று வீணாகும், உள்ளே உலக்கைபோல் பாயும் தண்டு தடையின்றி மோதி, ஸ்பிரிங்கும் வாசரும் கெடும். சில பழைய குழல்களுக்கு 5.5 கூடப் போதாது. அவற்றுக்காக 5.6 மில்லி மீட்டர் ரவையும் ஒரு காலத்தில் விற்றார்கள்.

வாங்குமுன்

ஸ்பிரிங் உடைந்திருந்தால் கவலை இல்லை, மாற்றிவிடலாம். தோல் வாசரும் அப்படியே. குழல் வளைந்திருந்தாலும், உள்ளே துரு குழி பறித்திருந்தாலும்தான் நஷ்டம். குழலை மடித்து ரவை போடும் துப்பாக்கியில், மடித்த நிலையில் விசையைத் தட்டிவிட்டால் குழல் படாரென்று மேலெழும். அந்த மோதலில் குழல் வளையும். இடையில் விரல் அகப்பட்டால் நசுங்கிவிடும்.

ரவை ஈயத்தால் ஆனது. தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது.

இங்கிலாந்தில் 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. 2011 முதல், சிறுவர்கள் கைக்கு எட்டாமல் வைப்பதும் சட்டக் கடமை. ஸ்காட்லாந்தில் சட்டம் இன்னும் கடுமை. 2016 டிசம்பர் 31 முதல் அங்கே போலீசாரின் சான்றிதழ் வேண்டும். லண்டனில் மலிவாக வாங்கியவர், சான்றிதழோ வருகையாளர் அனுமதியோ இல்லாமல் அதைத் தூக்கிக் கொண்டு எடின்பரோ ரயிலில் ஏறினால், போய்ச் சேரும் இடம் காவல் நிலையமாக இருக்கும்.