விளையாட்டுக் குடலிறக்கமும் நுண்துளை அறுவைச் சிகிச்சையும்

விளையாட்டுக் குடலிறக்கம் என்பது விளையாட்டு வீரர்களின் தொடையிடுக்கில் நெடுநாள் நீடிக்கும் வலியை உண்டாக்கும் ஒரு பாதிப்பு ஆகும். பெயரில் குடலிறக்கம் (ஹெர்னியா) இருப்பினும், பெரும்பாலானோரிடம் குடல் இறங்குவதில்லை. தொட்டறியத்தக்க வீக்கமும் இராது. அடிவயிற்றின் பின்சுவர் நைந்து தளர்ந்திருப்பதே காணப்படும். இதனால் 2014-இல் தோகாவில் கூடிய வல்லுநர்கள் இப்பெயரையே தவிர்க்குமாறு பரிந்துரைத்தனர். எனினும் செய்தித்தாள்களில் அது நிலைத்துவிட்டது.

காரணம்

வயிற்றுத் தசைகள் இடுப்பின் முன்னெலும்பை மேல்நோக்கியும், தொடையின் உட்பக்கத் தசைகள் அதனைக் கீழ்நோக்கியும் இழுக்கின்றன. பந்தை உதைக்கும்போதும், கபடியில் எதிரணியின் பிடியிலிருந்து திமிறும்போதும் இவ்விழுவிசை பன்மடங்காகிறது. இது பெண்களைவிட ஆண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது.

இரு நுண்துளை முறைகள்

1990களின் தொடக்கத்தில் உருவான இரண்டு முறைகள் இன்று வழக்கில் உள்ளன. இரண்டிலும் சிறு துளைகள் வழியே ஒளிப்படக் கருவியும் கருவிகளும் செலுத்தப்பட்டு, தளர்ந்த சுவரின் பின்புறம் செயற்கை வலை விரிக்கப்படுகிறது. வலை அமரும் இடம் ஒன்றே. அங்குச் செல்லும் வழியே வேறு.

டி.ஏ.பி.பி. முறையில் வயிற்றறை கரியமில வாயுவால் விரிக்கப்படுகிறது. பின்னர் அதன் உள்ளுறை வெட்டித் திறக்கப்பட்டு, வலை வைக்கப்பட்டபின் மீண்டும் மூடப்படுகிறது. இருபக்கத் தொடையிடுக்கையும் நேரில் கண்டறியலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் குடலுக்குக் காயம் நேரும் வாய்ப்பு சிறிதளவேனும் உண்டு.

டி.இ.பி. முறையில் வயிற்றறைக்குள் நுழைவதே இல்லை. தசைக்கும் உள்ளுறைக்கும் இடையே வழி உண்டாக்கப்படுகிறது. இடம் குறுகலானது என்பதால் இதனைக் கற்றுத் தேர மருத்துவருக்கு நெடுங்காலம் பிடிக்கும். முன்னர் அடிவயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இது கடினம்.

சாதாரணக் குடலிறக்கத்தில் இவ்விரண்டின் பலன்களும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே மருத்துவர் எம்முறையில் கைதேர்ந்தவர் என்பதே முதன்மையானது எனலாம்.

ஆய்வுகள்

பின்லாந்தில் 60 பேரிடம் நிகழ்த்தி 2011-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், டி.இ.பி. அறுவை செய்துகொண்டோரில் 90 விழுக்காட்டினர் மூன்று மாதங்களில் விளையாட்டுக்குத் திரும்பினர். உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றை மட்டும் பெற்றோரில் அது 27 விழுக்காடே. இவர்கள் அனைவரும் பல மாதங்களாக வலியுற்றவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. புதிதாக வலி தோன்றியவருக்கு இவ்வெண்களைப் பொருத்துதல் தவறாகும்.

வலையின்றித் தையலால் மட்டும் சீர்செய்யும் திறந்த முறையொன்றை ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த உல்ரிக்கே முஷாவெக் உருவாக்கினார். அதனை டி.இ.பி.யுடன் ஒப்பிட்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வில், முழுமையாக விளையாடத் திரும்பியோர் இருபிரிவிலும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தனர்.

நோயறிதல்

இடுப்பு மூட்டுக் கோளாறு, தொடைத் தசைக் கிழிவு, சிறுநீரகக் கல் ஆகியனவும் இதே இடத்தில் வலி தரும். இவற்றை எம்.ஆர்.ஐ. முதலிய சோதனைகளால் விலக்காமல் அறுவை செய்தால், எம்முறையாயினும் வலி அப்படியே இருக்கும். சில மாத இயன்மருத்துவப் பயிற்சிக்குப் பின்னரே அறுவையைக் கருதுவது வழக்கம்.

இந்தியாவில்

கோயம்புத்தூரின் சி. பழனிவேலு தமிழகத்தில் நுண்துளை அறுவையைப் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவர். துடுப்பாட்ட வீரர் சூர்யகுமார் யாதவ் 2025 ஜூனில் மியூனிக்கில் விளையாட்டுக் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு, செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார்.